விசைத்தெளிப்பானுக்குப் பழைய பெட்ரோல் ஆகாது

வாலிகண்டபுரம் வட்டாரத்தில் பருத்தி, மக்காச்சோளத்திற்கு மருந்தடிக்க விசைத்தெளிப்பான் பயன்படுகிறது. புழு தாக்கும் வேளையில் அது பழுதானால் நஷ்டம் விவசாயிக்கே. சென்ற பருவத்தில் மீந்த பெட்ரோலை ஊற்றுவது இதற்கு ஒரு காரணம்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் கலந்துள்ளது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்காகக் கலந்த ஆயில் மேலே நின்றுவிடும். ஆயிலின்றி ஓடினால் பிஸ்டன் இறுகிவிடும்.

எனவே ஒரு மாதத் தேவைக்கு மட்டும் பெட்ரோல் வாங்கவும். கருவியுடன் தந்த குறிப்பேட்டில் கண்ட அளவுப்படி ஆயில் கலக்கவும். இறுக மூடிய உலோகக் கேனில், வெயிலும் நெருப்பும் அண்டாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். பருவம் முடிந்ததும் டாங்கியைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டி எடுத்து வைத்தால் கார்புரேட்டர் அடைக்காது.