டயருக்கும் தாருக்கும் நடுவே

எல்.எல்.ஆர். எடுக்கப் போகிறவர்கள் மனப்பாடம் செய்யும் எச்சரிக்கைப் பலகைகளில் ஒன்றில், சிவப்பு முக்கோணத்துக்குள் ஒரு கார் இருக்கும். அதன் சக்கரத்தடியிலிருந்து கற்கள் தெறிக்கும். உதிரி ஜல்லி கிடக்கிறது, கவனம் என்று பொருள். கேள்வித்தாளில் வருகிற இந்தப் பலகையைச் சாலையில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஜல்லியைப் பார்க்காதவர் ஒருவரும் இல்லை.

பலகையில் காரை வரைந்தது ஏனோ தெரியவில்லை. உதிரி ஜல்லியால் காருக்கு நேர்வது பெரும்பாலும் கண்ணாடியில் ஒரு விரிசல், பெயின்டில் ஒரு கீறல். ஒரு சக்கரம் சறுக்கினாலும் மற்ற மூன்றும் தாங்கிக்கொள்ளும். இருசக்கர வண்டிக்கு அந்த வசதி கிடையாது. தமிழ்நாட்டில் பதிவான வாகனங்களில் பத்துக்கு எட்டுக்கும் மேல் இருசக்கர வண்டிகள் என்பதால், அந்தப் பலகையில் இருக்கவேண்டியது ஒரு ஸ்கூட்டர்தான்.

பைக்கின் ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு உள்ளங்கையைவிடச் சிறியது. அப்படி இரண்டு. ஓட்டுபவரையும் வண்டியையும் பிடித்துவைத்திருப்பது அவ்வளவுதான். காய்ந்த, நல்ல தார்ச்சாலையில் டயரின் உராய்வுக் கெழு ஏறக்குறைய 0.7 முதல் 0.9 வரை இருக்கும். அதாவது வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்றால், பக்கவாட்டில் 140 கிலோ அளவுக்கு இழுத்தாலும் டயர் பிடி விடாது. அதே தாரின் மேல் உதிரி மணலோ பொடி ஜல்லியோ பரவியிருந்தால் இந்த எண் 0.3, 0.4 என்று பாதிக்கும் கீழே போய்விடும்.

நேராகப் போகும்வரை இது உறைக்காது. திரும்பும்போதுதான் கணக்கு வெளியே வரும். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை, அதாவது நகரத்துத் திருப்பம் ஒன்றை, எடுத்துக்கொள்வோம். அதில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்ப வண்டி 9 பாகை சாய்ந்தால் போதும். தேவைப்படும் உராய்வு 0.16. வேகம் 30 ஆனால் சாய்வு சுமார் 20 பாகை, உராய்வு 0.35. 40இல் சாய்வு 32 பாகை, உராய்வு 0.63. வேகம் இரண்டு மடங்கானதும் தேவை நான்கு மடங்காகிவிட்டது. காய்ந்த தாரில் 40 என்பது சாதாரணம். மணல் பரவிய தாரில் அது நடக்காத காரியம். 30 என்பதே கத்தி முனை. 20இல் போனவர் அங்கே மணல் இருந்ததையே கவனித்திருக்க மாட்டார். ஒரே வளைவில் ஒருவர் விழுவதும் அடுத்தவர் ஒன்றும் தெரியாமல் கடந்துபோவதும் இப்படித்தான்.

டயரிடம் இருக்கும் பிடி ஒரே முதல். திரும்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். மணலில் 30இல் திரும்பிக்கொண்டிருப்பவர் அந்த முதலில் ஏறக்குறைய முழுவதையும் திரும்புவதற்கே செலவழித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து முன் பிரேக்கை லேசாகத் தொட்டாலும் கையிருப்பு போதாது, சக்கரம் வழுக்கும். மணலால் விழுந்தவர்களில் பலர் உண்மையில் மணலைப் பார்த்துப் பதறி, பிரேக் பிடித்ததால் விழுந்தவர்கள்.

முன்சக்கரம் வழுக்குவதும் பின்சக்கரம் வழுக்குவதும் ஒன்றல்ல. ஓடும் வண்டி நிமிர்ந்து நிற்பது முன்சக்கரம் ஓயாமல் செய்துகொண்டிருக்கும் சிறுசிறு திருத்தங்களால். ஓட்டுபவருக்கே அது தெரியாது. முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் அந்தத் திருத்தம் நின்றுவிடும், ஒரு நொடிக்குள் வண்டி தரையில் கிடக்கும். பின்சக்கரம் வழுக்கினால் சுதாரிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். ஆனால் அதற்கும் ஒரு பொல்லாத முடிவு உண்டு. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போன பின்சக்கரம் மணலைத் தாண்டிச் சுத்தமான தாரில் ஏறியதும் திடீரென்று பிடி கிடைக்கும். சாய்ந்திருந்த வண்டி சுள்ளென்று நிமிர்ந்து, ஓட்டுபவரை எதிர்ப்பக்கமாகத் தூக்கி எறியும். பந்தய வீரர்கள் சாதாரணச் சறுக்கலைவிட அஞ்சுவது இதற்குத்தான். மணல் முடிந்தது என்று மூச்சுவிடுகிற இடத்தில் நடப்பது இது.

எவ்வளவு தடிமனாகக் கிடக்கிறது என்பதும் முக்கியம். சமையலறைத் தரையில் கொட்டிய கடுகின் மேல் கால் வைத்தவருக்கு மெல்லிய படலம் என்ன செய்யும் என்று விளக்கவேண்டியதில்லை. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலின் பெரிய துகள்கூட 4.75 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். கீழே கெட்டியான தார், மேலே கெட்டியான ரப்பர், நடுவே உருளும் துகள்கள். டயர் தாரைத் தொடுவதே இல்லை. ஆழமாகக் கொட்டிக் கிடக்கும் ஜல்லி வேறு ரகம். அதில் சக்கரம் புதையும், ஹேண்டில்பார் தன்னிச்சையாக அலையும், பயந்துபோய் இறுக்கிப் பிடிக்கிறவருக்கு அலைச்சல் இன்னும் கூடும்.

ஏபிஎஸ் பிரேக் இந்த இரண்டிலும் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. ஆழமான ஜல்லியில் பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னால் கற்களை வாரிக் குவிக்கும். அந்தக் குவியலே வண்டியை நிறுத்தும். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டவிடாது, அதனால் குவியலும் சேராது, வண்டி நிற்க அதிகத் தூரம் ஆகும். கரடுமுரடான பாதைக்கென்று செய்யப்படும் ஹிமாலயன் போன்ற பைக்குகளில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்க வசதி வைத்திருப்பது இதனால்தான். நம் தெருவில் கிடப்பது மெல்லிய படலம். அங்கே குவியலும் கிடையாது, பூட்டிய சக்கரத்தால் லாபமும் கிடையாது. ஏபிஎஸ் உயிர் காக்கும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு அது கட்டாயமானது. 125ம் அதற்குக் கீழும் இருந்தால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து இயக்கும் சிபிஎஸ் போதும் என்றார்கள். சிபிஎஸ் பிரேக் விசையைப் பங்கிட்டுக் கொடுக்குமே தவிர, சக்கரம் பூட்டுவதைத் தடுக்காது. அந்த விதியின்கீழ் வாங்கப்பட்ட ஸ்கூட்டர்களும் நூறு சிசி பைக்குகளும்தான் பால் வாங்கவும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்துகொண்டிருக்கின்றன.

ஸ்கூட்டருக்குச் சிறு சக்கரம் என்பது இன்னொரு சங்கடம். சாலையில் 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கல் கிடக்கிறது. 30 செ.மீ. ஆரமுள்ள பைக் சக்கரம் அதில் ஏற வேண்டிய சரிவு சுமார் 34 பாகை. 20 செ.மீ. ஆரமுள்ள ஸ்கூட்டர் சக்கரத்துக்கு அதே கல் 41 பாகைச் சரிவு. பின்னால் ஒருவர் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, பிடிமானத்துக்கு ஒரு கை மட்டும் வைத்திருந்தால், இந்தத் துள்ளலில் முதலில் தரைக்குப் போகிறவர் அவர்தான்.

இந்த ஜல்லி வருவதற்கு வழிகள் உண்டு. முதல் வழி சாலையின் உள்ளிருந்தே. தார்ச்சாலைக் கலவையில் எடையளவில் தார் சுமார் ஐந்து சதவீதம்தான், மற்றதெல்லாம் கல். நம் பக்கத்துக் கருங்கல்லில் சிலிக்கா அதிகம். அப்படிப்பட்ட கல்லின் பரப்பு தாரைவிடத் தண்ணீரோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும். விரிசல் வழியாக இறங்கிய மழைநீரை மேலே ஓடும் ஒவ்வொரு லாரி டயரும் அழுத்திப் பீய்ச்சுகிறது. தார்ப்படலம் கல்லைவிட்டு உரிகிறது. பிறகு கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவரும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன் கைவைத்தது இந்த இடத்தில்தான். சூடாக்கிய ஜல்லியின் மேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் பூச்சாகப் படியும். அதன் மேல் தார் கெட்டியாகப் பிடிக்கும், தண்ணீரால் எளிதில் உள்ளே புக முடியாது. 2002இல் சென்னை ஜம்புலிங்கம் தெருவில் இந்த முறையில் சாலை போட்டார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பிளாஸ்டிக் ஒழிப்பு என்றே ஊரெல்லாம் பேசினாலும், கல்லைக் கழலவிடாத ஒட்டுதல்தான் அந்த வேலையின் சாரம்.

இரண்டாவது வழி, பள்ளத்தை மூடுவதிலிருந்து. வடகிழக்குப் பருவமழையில் ஈரச்சாலையில் சூடான தார்க்கலவை ஒட்டாது. அதனால் ஜல்லியும் கல்தூளும் தண்ணீரும் கலந்த வெட் மிக்ஸைக் கொட்டி மூடுகிறார்கள். தாருக்கு அடியில் அடித்தளமாகக் கிடக்கவேண்டிய சரக்கு அது. மேல்பரப்பாக வைத்தால் அடுத்த மழையில் தூள் கரைந்து ஓடிவிடும், ஜல்லி சிதறும். பள்ளம் இருந்த இடத்தில் பள்ளமும் இருக்கும், அதைச் சுற்றிப் பத்தடிக்கு ஜல்லியும் இருக்கும்.

சாலையைப் புதுப்பிப்பதும் இந்த வழியில்தான் சேரும். சாலை உயர்ந்துகொண்டே போய் வீடுகள் தாழ்ந்துவிடுவதைத் தடுக்க, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போடவேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவு. ஆனால் சுரண்டியதற்கும் புதிதாகப் போடுவதற்கும் இடையே நாட்கள் கடந்தால், வரிவரியான பள்ளங்களிலும் உதிர்ந்த பொடியிலும் இருசக்கர வண்டிகள்தான் தள்ளாடவேண்டும்.

மூன்றாவது வழி, டிப்பர் லாரி. கிணத்துக்கடவு, மதுக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் போகிற தடங்களில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவேண்டாம். பின்கதவு இடுக்கு வழியாகவும், தார்ப்பாய் கட்டாத மேற்பகுதியிலிருந்தும் சரக்கு கொட்டும். அதிகம் கொட்டுவது வேகத்தடையிலும் திருப்பத்திலும். பைக் சாய்கிற இடமும் திருப்பம்தான்.

கொட்டிய மணல் கொட்டிய இடத்தில் கிடப்பதில்லை. ஓடும் டயர்கள் தங்கள் தடத்தைத் தாங்களே துடைத்துக்கொண்டு, மணலை ஓரத்துக்கும் இரண்டு தடங்களுக்கு நடுவேயும் ஒதுக்கிவிடும். மேம்பாலத்தில் அது கைப்பிடிச் சுவரோரம் சேரும். அவசரத்தில் ஓரமாக ஒதுங்குகிற ஸ்கூட்டர் போய் ஏறுவது அங்கேதான். நெடுஞ்சாலையில் நடுத்திட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது கரைந்து வழிகிற செம்மண், வேகமாகப் போகும் வலப்பக்கத் தடத்தில் படியும். மலைப்பாதையில் இன்னும் மோசம். பேருந்து திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்வாங்கித்தான் வரும். கொண்டை ஊசி வளைவில் அது தாரைவிட்டு இறங்கி, மண்ணையும் சரளையையும் தார்மேல் இழுத்துவரும். கொல்லிமலைக்கு ஏறும் வழியில் இப்படி 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மழை பெய்கிற அன்று எல்லோரும் மெதுவாகத்தான் போவார்கள். மழை கொண்டுவந்த மண் காய்ந்து கிடக்கும் மறுநாள் அந்தக் கவனம் இருக்காது.

இத்தனை பேரை விழவைக்கும் மணல், கணக்கில் மட்டும் வருவதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் நாட்டில் 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள், இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் 64,105 என்று முதலிடம் தமிழ்நாட்டுக்கு. சாவுகளில் பத்துக்கு ஏழு அதிவேகத்தின் பேரில் எழுதப்பட்டிருக்கிறது. பள்ளங்களுக்கு 1,856 சாவுகள். மணலுக்கென்று ஒரு வரி கிடையாது. சறுக்கி விழுந்தவர் மேல் பின்னால் வந்த லாரி ஏறினால் வழக்கு லாரியின் மேல். யாரும் ஏறாவிட்டால் ‘நிலைதடுமாறி விழுந்தார்’. பள்ளம் அடுத்த நாளும் அங்கேயே இருக்கும், அளந்து பார்க்கலாம். மணலைக் கூட்டம் கூடியவர்களின் கால்களும் அடுத்து வரும் நூறு டயர்களும் கலைத்துவிடும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஹாரி ஹர்ட் தலைமையில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 900க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டது. அதில் சாலைக் குறைபாட்டின் பங்கு இரண்டு சதவீதம்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் சாலைகளின் கணக்கு அது. எம்-சாண்ட் லாரி ஓடும் ஊருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இப்போது இந்தியாவில் காவலர்கள் கைபேசியிலேயே விபத்தைப் பதிய ஐராட் என்ற செயலி இருக்கிறது. அதை உருவாக்கியதில் சென்னை ஐஐடிக்குப் பங்குண்டு. அதில் படமும் ஏற்றலாம். படத்தில் வண்டியோடு தரையும் விழுந்தால் கணக்கு மாறக்கூடும்.

ஓட்டுபவர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், அதையும் மணலுக்கு முன்பே செய்யவேண்டும். வளைவுக்குள் நுழையும் முன்னரே வேகத்தைக் குறைப்பது அதில் பாதி. மணல்மேல் ஏறிவிட்ட பிறகு வண்டியை முடிந்தவரை நிமிர்த்தி, ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்து, முன் பிரேக்கைத் தொடாமல் கடப்பது மீதி. கண் மணலைப் பார்க்கக்கூடாது, தாண்டிப் போகவேண்டிய இடத்தைப் பார்க்கவேண்டும். பதற்றத்தில் கண் எங்கே குத்திட்டு நிற்கிறதோ, கை வண்டியை அங்கேதான் கொண்டுபோகும். முன்னால் டிப்பர் போனால் இடைவெளி விடுவது நல்லது. எதிரே வருகிற லாரியும் ஆபத்துதான். எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் 60இல் வந்தால், தெறித்த கல் முகத்தில் மோதும் வேகம் 120ஐ நெருங்கும், ஆற்றல் 60இல் மோதுவதைப்போல் நான்கு மடங்காகும். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டுவதன் விலை அப்போது தெரியும்.

சாலையைப் போட்டவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலை அமைப்பதிலும் பராமரிப்பதிலும் தரம் தவறியதால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சொல்கிறது. பிரிட்டனில் சாலை மேல் தார் தெளித்து ஜல்லி தூவினால், மணிக்கு 20 மைல் என்ற தற்காலிகப் பலகையை நட்டு, உதிரி ஜல்லியைத் திரும்பத் திரும்பக் கூட்டி எடுப்பது வேலையின் ஒரு பகுதி. இங்கே நடைமுறையில், தானாகச் சறுக்கி விழுந்தவருக்கு இழப்பீடு கேட்க எதிர்வண்டி என்று ஒன்று இல்லை. மிஞ்சுவது உரிமையாளரே ஓட்டினால் மட்டும் பொருந்தும் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு. 2018இலிருந்து அதன் தொகை 15 லட்சம் ரூபாய். செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்கவேண்டும். பின்னால் உட்கார்ந்து வந்தவர் அதில் சேரமாட்டார்.