பசியும் பழக்கமும்: ஜேன் வார்டலின் ஆராய்ச்சி

பினாங்குத் தீவின் எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தை அடுத்துள்ள பாகான் டாலாமில், பள்ளி விட்டு வரும் அண்ணன் தம்பி இருவருக்கும் தாய் ஒரே அளவு ரொட்டி சானாயும், கெட்டிப்பால் கலந்த தேநீரும் வாங்கித் தருகிறாள் என்று கொள்வோம். மூத்தவன் பாதி தின்றதும் போதுமென்று எழுந்துவிடுகிறான். இளையவன் தன் பங்கை முடித்துவிட்டு, அண்ணன் வைத்த மிச்சத்தையும் முடிக்கிறான். சில ஆண்டுகளில் மூத்தவன் மெலிந்தவனாகவும் இளையவன் பருத்தவனாகவும் வளர்கிறார்கள். உறவினர் இளையவனைத் தீனிப் பண்டாரம் என்பர். வகுப்பிலோ ‘குண்டன்’ என்பதே அவனுக்குப் பெயராகிவிடும். ஒரு தாய் வயிற்றில் பிறந்து, ஒரே உலையில் வெந்த சோற்றை உண்டவர்களிடையே இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றியது? இளையவனுக்கு மனக் கட்டுப்பாடு இல்லை என்பதே ஊரார் கூறும் விடை. அவ்விடை பொருந்தாது என்பதைப் பல்லாண்டு ஆராய்ந்து காட்டியவர் ஜேன் வார்டல் என்னும் ஆங்கிலப் பேராசிரியை.

1950-இல் பிறந்து 2015-இல் மறைந்த இவ்வம்மையார், லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் உடல்நலப் பழக்கங்களை ஆராயும் நிலையத்தின் தலைவராக விளங்கியவர். அவருடைய துறை உடல்நல உளநூல் எனப்படும். நோய்க்கு வழிகோலும் பழக்கங்களை மக்கள் ஏன் மேற்கொள்கிறார்கள், தீங்கென்று அறிந்தபின்னும் ஏன் விட இயலாமல் தவிக்கிறார்கள் என்பதை ஆராய்வதே இத்துறையின் பணி. அவருடைய ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாக நின்றது, பொதுமக்களின் நன்கொடையால் நடைபெறும் பிரிட்டிஷ் புற்றுநோய் ஆராய்ச்சி அறநிறுவனமாகும். உண்ணும் பழக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு யாது என்று சிலர் வினவலாம்.

புகையிலையால் புற்றுநோய் வரும் என்பதைப் பலரும் அறிவர். உடற்கொழுப்பு மிகுவதாலும் அந்நோய் வரக்கூடும் என்பதை அறிந்தவர் குறைவு. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 2016-இல் கிடைத்த சான்றுகளையெல்லாம் சீர்தூக்கி, மிகை கொழுப்பைத் தவிர்ப்பது 13 வகைப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்று அறிவித்தது. பெருங்குடல், கருப்பை, கல்லீரல், கணையம் ஆகியவற்றில் தோன்றும் புற்றும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றும் அவற்றுள் அடங்கும். கொழுப்பு உடலில் வாளா கிடக்கும் பொருளன்று. அது ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீரை உண்டாக்குகிறது. இரத்தத்தில் இன்சுலின் மிகுவதற்குக் காரணமாகிறது. உடலுக்குள் ஓயாத அழற்சியை மூட்டி வைக்கிறது. இவை உயிரணுக்களைக் கட்டின்றிப் பெருகத் தூண்டுகின்றன. பருத்தவர் அனைவருக்கும் புற்றுநோய் வரும் என்பது இதன் பொருளன்று; வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதே பொருள்.

மலேசியாவில் இவ்வாராய்ச்சிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, வயதுவந்தோரில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர் என்று கணக்கிட்டது. 2023-இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியரிடையே இவ்வளவு 63.9 விழுக்காடு, எல்லா இனத்தாரினும் அதுவே மிகுதி.

இனி, அண்ணன் தம்பிக்கு வருவோம். ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறக்கும் இரட்டையர் மரபணுக்களில் ஒத்திருப்பர்; தனித்தனிக் கருவிலிருந்து பிறக்கும் இரட்டையர் ஏனைய உடன்பிறப்புகளைப் போலப் பாதி அளவே ஒத்திருப்பர். இவ்விரு வகையினரையும் ஒப்பிட்டால், ஒரு வேறுபாட்டில் பிறப்பின் பங்கு எவ்வளவு, வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடலாம். வார்டலும் அவர்தம் குழுவினரும் பிரிட்டனில் 8 முதல் 11 வயது வரையுள்ள 5,092 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். பிள்ளைகளின் உடற்பருமனில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 77 விழுக்காடு மரபணு வேறுபாட்டால் விளைவது என்பது அம்முடிவு.

அங்ஙனமாயின் ஓர் ஐயம் எழும். இரண்டு தலைமுறைகளில் மரபணுக்கள் மாறிவிடவில்லையே. உடல்கள் மட்டும் பருத்தது ஏன்? இதற்கு வார்டல் தந்த விளக்கம் நுட்பமானது. மரபணு நேராகக் கொழுப்பை உண்டாக்குவதில்லை; பசியின் தன்மையை அமைத்துத் தருகிறது. சில பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்த உணர்வு விரைவில் தோன்றுகிறது. சிலருக்குத் தாமதமாகத் தோன்றுகிறது. சிலருக்கு உணவைக் கண்ட அளவிலே ஆவல் எழுகிறது. இவ்வேறுபாடுகளை அளப்பதற்கு அவர் 2001-இல் பெற்றோரிடம் கேட்கும் வினாத்தாள் ஒன்றை வகுத்தார். பருமனோடு தொடர்புடைய எப்.டி.ஓ. என்னும் மரபணுவின் ஒரு வகையை உடைய பிள்ளைகள், நிறைவை உணர்வதில் மந்தமாயிருப்பதையும் 2008-இல் கண்டறிந்தார்.

உணவு குறைந்த காலத்தில் இவ்வேறுபாடு வெளிப்பட இடமில்லை. 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில், அரிசி அருகி மரவள்ளிக் கிழங்கே உணவாயிருந்தது. அன்று அவ்விரு சிறுவரும் தோட்டத்து லயத்தில் வளர்ந்திருப்பின், இருவரும் ஒரே மாதிரி மெலிந்திருப்பர். இன்று பள்ளியிலிருந்து வீடு வரை ஒட்டுக்கடைகளும் இனிப்புப் பானங்களும் நிறைந்திருக்கின்றன. மறைந்திருந்த வேறுபாட்டை இச்சூழல் வெளிக்கொணர்கிறது.

வரலாற்றின் விந்தை ஒன்றும் இங்கு நினைவுகூரத்தக்கது. வெல்லஸ்லி மாகாணம் என்று வழங்கிய இன்றைய செபராங் பிறையில், 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். பசியை அறிந்த மக்கள் கொழுகொழுவென்ற குழந்தையைச் செல்வத்தின் அடையாளமாகப் போற்றியதில் வியப்பில்லை. ‘இன்னும் ஒரு கவளம்’ என்று ஊட்டிய அன்பும் அங்கிருந்தே வந்தது. கரும்பு வெட்டியவரின் கொள்ளுப்பேரர்களுக்கு இன்று சர்க்கரையே பகையாயிருக்கிறது.

பருத்த பிள்ளையை ஏளனம் செய்தால் அவன் நாணித் திருந்துவான் என்பது பலர் நம்பிக்கை. 2014-இல் வார்டல் குழுவினர், இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 3,000 பேரின் எடையை நான்கு ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டனர். எடையின் பொருட்டு இழிவாக நடத்தப்பட்டோர் சராசரி 0.95 கிலோ கூடினர். அவ்வாறு நடத்தப்படாதோர் 0.71 கிலோ குறைந்தனர். இழிவே எடையைக் கூட்டியது என்று இதனை மட்டும் கொண்டு துணிதல் இயலாது. ஆயினும் இழிவு எடையைக் குறைக்கும் என்பதற்கு இதில் சான்று சிறிதும் இல்லை.

பின் எது பயன்படும்? 2003-இல் 2 முதல் 6 வயதுக் குழந்தைகளின் பெற்றோர் 156 பேரை வார்டல் மூன்று பிரிவாக்கினார். ஒரு பிரிவினர் குழந்தைக்கு அவ்வளவாக விருப்பமில்லாத காய் ஒன்றை 14 நாள் சிறிதளவு சுவைக்கக் கொடுத்தனர். இன்னொரு பிரிவினருக்கு உணவு பற்றிய அறிவுரை மட்டும் வழங்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு எதுவுமில்லை. நாள்தோறும் சுவைத்த குழந்தைகளே அக்காயை மிகுதியும் விரும்பினர், மிகுதியாக உண்டனர். அறிவுரை செய்யாததைச் சிறு துண்டுக் காய் செய்தது.

பழக்கம் வேரூன்ற எத்தனை நாளாகும் என்பதையும் அவர் குழுவினர் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்தனர். 2010-இல் வெளிவந்த அம்முடிவின்படி, ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்கு நடுத்தரக் கணக்கில் 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதுமாயிருக்க, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் எனக் கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் தவறியது பெருங்கேடு விளைக்கவில்லை.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் மருந்துப் பொருள்களைவிட உண்ணும் அளவையும் காலத்தையுமே மிகுதியாகப் பேசுவதைத் தமிழாசிரியர் அறிவர். அவ்வளவை எளிதில் உணரும் பிள்ளையும், உணர இயலாத பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள் என்பது வார்டலின் ஆராய்ச்சி தரும் பாடம். உணராத பிள்ளைக்குச் சூழல்தான் கைகொடுக்க வேண்டும். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தண்ணீர் முன்னும் இனிப்புப் பானம் பின்னும் இருக்கலாம். பரிசாக மிட்டாய் கொடுப்பதை நிறுத்தலாம். தட்டில் நாளுக்கொரு துண்டுக் காய் வைத்து, வற்புறுத்தாமல் விடலாம். எடை பார்க்கும் நாளில் அவ்வெண்ணை வகுப்பறையில் உரக்கப் படியாமல், பெற்றோரிடம் தனியே கூறலாம். ‘குண்டன்’ என்று எவரேனும் அழைத்தால், ஆசிரியர் அப்பிள்ளையை அவனுடைய பெயர் சொல்லி அழைத்துத் திருத்தலாம். செலவில்லாத இம்முயற்சிகளை 66 நாள் தொடர்ந்தால், அவை பள்ளியின் பழக்கமாகிவிடும்.