அரை மில்லிகிராம் சொல்லும் செய்தி

ஒரு தம்ளர் தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருக்கிறது, வாடையும் இல்லை. ‘நல்ல தண்ணீர்’ என்று குடித்துவிடுகிறோம். ஆனால் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நீளம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். தம்ளரில் அவை பல்லாயிரம் இருந்தாலும் தண்ணீர் கலங்கித் தெரியாது. கண்ணும் நாக்கும் இங்கே நமக்குத் துணை செய்யா. அளந்துதான் பார்க்க வேண்டும். அளக்கத் தவறிய ஓர் ஊருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் காண்போம்.

வாக்கர்ட்டனில் பெய்த மழை

கனடா நாட்டில், ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்தனர். குழாய்க் கிணறுகள் சிலவற்றிலிருந்து நீரை இறைத்து, குளோரின் கலந்து, வீடுகளுக்கு அனுப்பி வந்தார்கள். அவற்றுள் ஐந்தாம் எண் கிணறு 15 மீட்டர் ஆழமுடையது. ஆனால் அதற்கு நீர் ஊறி வந்தது தரைக்கு 5 முதல் 8 மீட்டர் கீழேயிருந்துதான். மேலே மண் போர்வை மெல்லியது. அடியிலோ வெடிப்புகள் நிறைந்த பாறை. பல மீட்டர் மண்ணின் ஊடே மெல்லக் கசிந்து வரும் நீர் வழியிலேயே வடிகட்டப்படும். பாறை வெடிப்பில் இறங்கும் நீருக்கு அந்த வடிகட்டி கிடைப்பதில்லை.

அவ்வாண்டு மே 8 முதல் 12 வரை ஐந்து நாட்களில் 134 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கிணற்றுக்கு அருகிலிருந்த பண்ணை நிலத்தில் மாட்டெரு இடப்பட்டிருந்தது. பண்ணைக்காரர் முறைப்படிதான் எரு இட்டார். அவர்மேல் குற்றமில்லை என்று பின்னர் விசாரணை கூறியது. எருவிலிருந்த ஈ.கோலை ஓ157, காம்பைலோபாக்டர் என்னும் கிருமிகள் மழைநீரோடு கிணற்றுக்குள் சென்றன. அந்த நீரைக் குடித்து ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். ஏழு பேர் இறந்தனர். 27 பேருக்குச் சிறுநீரகத்தைத் தாக்கும் கொடிய நோய் வந்தது.

நீரில் குளோரின் கலந்திருந்தும் இது எப்படி நேர்ந்தது?

மிச்சம்தான் முக்கியம்

குளோரின் நீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. இது கிருமியின் மேலுறையைத் துளைத்து உள்ளே புகுந்து அதைக் கொல்கிறது. ஆனால் கிருமியை மட்டுமே இது தேடிப் பிடிப்பதில்லை. நீரிலுள்ள அழுக்கு, இரும்பு, அம்மோனியா ஆகியவற்றோடும் வினைபுரிந்து செலவாகிவிடும். இந்தச் செலவைக் ‘குளோரின் தேவை’ என்பர்.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் நீருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இடுகிறோம். நீரின் தேவை 0.4 மில்லிகிராம் என்றால் 0.6 மில்லிகிராம் மிஞ்சும். இதுவே ‘எஞ்சிய குளோரின்’. வழியில் புதிதாக ஏதேனும் கிருமி நுழைந்தால் அதை எதிர்க்கும் காவலாளி இந்த மிச்சம்தான். ஒரு நாள் கிணற்றில் சாக்கடையோ எருவோ கலந்து, தேவை 1 மில்லிகிராமுக்கு மேல் ஏறிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது மிச்சம் பூச்சியம்.

ஆக, மிச்சம் திடீரென்று குறைந்தால் நீரில் வேண்டாத ஏதோ கலந்துவிட்டது என்று பொருள். எஞ்சிய குளோரின் ஒரு காவலாளி மட்டுமன்று, அபாய மணியும் ஆகும்.

இந்த மணியின் சிறப்பு அதன் வேகம். கிருமிகளைச் சோதனைச் சாலையில் வளர்த்துக் கண்டறிய ஒரு நாளுக்குக் குறையாமல் ஆகும். வாக்கர்ட்டனில் மே 15 அன்று எடுத்த நீரின் முடிவு 17 அன்றுதான் வந்தது. அதற்குள் ஊரார் அந்த நீரைக் குடித்திருந்தனர். எஞ்சிய குளோரினை அளக்கவோ சில நிமிடங்கள் போதும். சிறு குழாயில் நீரை எடுத்து, அதற்குரிய மருந்தைச் சேர்த்து, தோன்றும் நிறத்தை அளவு அட்டையோடு ஒப்பிட்டால் முடிந்தது.

எழுதிய எண்ணும் அளந்த எண்ணும்

15 நிமிடம் கலந்திருந்த பின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும், அதை நாள்தோறும் அளக்க வேண்டும் என்பது அப்போது ஒன்டாரியோவின் விதிமுறையாக இருந்தது. வாக்கர்ட்டன் பணியாளர்கள் குளோரினைக் குறைவாகவே கலந்தனர். பல நாட்கள் அளக்காமலேயே பதிவேட்டில் 0.5 அல்லது 0.75 என்று எழுதி வந்தனர். அவர்கள் கொடிய மனம் படைத்தவர்கள் அல்லர். அந்த நீரை அவர்களே குடித்தும் வந்தார்கள். ‘நம் கிணற்று நீர் நல்ல நீர்’ என்ற நம்பிக்கையே அவர்களை ஏமாற்றியது. குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று ஊராரும் குறை கூறிவந்தனர்.

மே 17 அன்று கிடைத்த சோதனை முடிவையும் அவர்கள் வெளியிடவில்லை. நலத்துறையினர் கேட்டபோது நீர் சரியாகவே இருக்கிறது என்றனர். மே 21 அன்று நலத்துறை தானாகவே, ‘நீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்’ என்று அறிவித்தது.

நீதிபதி டென்னிஸ் ஓ’கானர் தலைமையில் விசாரணை நடந்தது. எஞ்சிய குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவிகள் ஐந்தாம் கிணற்றில் இருந்திருந்தால் இத்துன்பம் நேர்ந்திராது என்று அவர் கண்டார். 2002-இல் ஒன்டாரியோவில் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் பிறந்தது.

நம் ஊர்த் தொட்டியில்

நம் சிற்றூர்களிலும் ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி, ‘பிளீச்சிங் பவுடர்’ என்பதுதான் ஏற்பாடு. இந்தியக் குடிநீர்த் தரவிதி லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்ச வேண்டும் என்கிறது. 30,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 60 கிராம் குளோரின் வேண்டும். பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் 200 கிராம் பவுடர் தேவை. ஆனால் ஈரமும் வெயிலும் பட்ட பவுடரில் குளோரின் பறந்து போய்விடும். போட்ட அளவு அதே 200 கிராம்தான். மிச்சமோ ஒன்றும் இராது. எனவே, போட்டதைக் கணக்கிட்டால் போதாது. தெருக்கோடிக் குழாயில் மிஞ்சியதை அளக்க வேண்டும்.

ஆய்வகத்தில் வர வேண்டிய விடையை முன்பே அறிந்துகொண்டு, ஊசலை ஆட்டாமலே அட்டவணையை நிரப்பும் மாணவர்கள் உண்டு. அங்கே போவது சில மதிப்பெண்கள்தாம். ஆனால் அளக்காத எண்ணை எழுதும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. நாளை உங்களில் ஒருவர் ஓர் ஊரின் குடிநீருக்குப் பொறுப்பேற்கக்கூடும். அன்று பதிவேட்டில் நீங்கள் எழுதும் 0.5 என்ற எண்ணை நம்பித்தான் அந்த ஊர் தண்ணீர் குடிக்கும்.