ஒரு பெட்ரூம், ஒரு டிரம்பெட்: 'பெய்ரூட்' குழுவின் முதல் ஆல்பம் பிறந்தது எப்படி?

கேட்டால், கிழக்கு ஐரோப்பியக் கிராமம் ஒன்றின் கல்யாண ஊர்வலத்தில் பதினைந்து பேர் சேர்ந்து வாசிப்பது போல இருக்கும். ஆனால் 2006-ல் வெளியான 'குலாக் ஆர்கெஸ்டார்' ஆல்பத்தின் பெரும்பகுதியைத் தன் பெட்ரூமிலேயே பதிவு செய்தவர் ஜாக் காண்டன். ஊர், அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ. ஆல்பம் வெளியானபோது வயது 20. 'பெய்ரூட்' என்ற இண்டி ஃபோக் குழுவின் முதல் ஆல்பம் இது.

பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு ஐரோப்பா சுற்றப் போனவரை, பால்கன் நாடுகளின் பித்தளை வாத்திய இசை இழுத்துப் பிடித்தது. ஊர் திரும்பியதும் டிரம்பெட், அக்கார்டியன், யுகுலேலே என ஒவ்வொன்றாகத் தானே வாசித்து அடுக்கினார். 'எ ஹாக் அண்ட் எ ஹாக்ஸா' குழுவின் ஜெரமி பார்ன்ஸும் ஹெதர் ட்ரோஸ்ட்டும் கைகொடுத்தார்கள்.

சரி, இது இரவல் இசைதானே? அந்தப் பித்தளை இசையைத் தலைமுறைகளாகக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் வாசித்துக் காப்பாற்றியதில் ரோமா கலைஞர்களின் பங்கு பெரியது. காண்டன் அவர்கள் பாட்டைப் பிரதி எடுக்கவில்லை. அந்த ஒலியில் தன் ஏக்கத்தைப் பாடினார். ஆனாலும் கடன் கடன்தான்.

அதை அடைக்க ரசிகர்களுக்கு ஒரு வழி இருக்கு: இந்த ஆல்பம் பிடித்திருந்தால், அடுத்து வடக்கு மாசிடோனியாவின் 'கொச்சானி ஆர்கெஸ்டார்' கேளுங்க.