போன பாட்டில் திரும்பி வருது!

கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனால் காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டுத்தானே புதியதை வாங்குகிறோம்? அந்தக் காலத்தில் கோலி சோடா குடித்தால், பாட்டிலைக் கடைக்காரர் கையில் கொடுக்காமல் நகர முடியுமா? எங்கள் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போய்ப் பாருங்கள். தக்காளியோடு லாரியேறிப் போகும் பிளாஸ்டிக் கிரேடுகள், காலியாகி மறுபடியும் மண்டிக்கே வந்து சேரும்.

இப்படிக் கடையிலிருந்து வீட்டுக்குப் போன பொருள், திரும்பக் கடைக்கு வருகிற வழிக்கு இப்போது பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள்: 'ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ்'. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். காலிப் பாட்டில் எப்படித் திரும்புகிறது என்பதுதான் விஷயம்.

இதைப் பற்றிப் பெண்கள் பத்திரிகையில் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் களை எடுக்கவும், கடலைக்காய் பிடுங்கவும் இறங்குவது பெண்கள்தாம். அதுவும் வெறும் காலோடு. வரப்பு ஓரத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டு யாரோ உடைத்துப் போட்ட பாட்டில், உழும்போது மண்ணுக்குள் போய்விடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தர் போன வருஷம் அப்படி ஒரு சில்லை மிதித்து, மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. "கண்ணாடி கால்ல ஏறினது ஒரு நிமிஷம், கூலி போனது மூணு வாரம்மா" என்றார்.

யானை போட்ட வழக்கு!

நீலகிரிக் காடுகளில் வீசப்பட்ட மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலை சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. யானையின் பாதம் பார்க்கத்தான் தூண் மாதிரி இருக்கும். அடியில் மெத்தென்ற சதை. சில் ஏறிச் சீழ் பிடித்தால் அவ்வளவு பெரிய உயிரும் படுத்துவிடும்.

நீதிமன்றம் சொன்னதன்பேரில் 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் நிறுவனம் காலிப் பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே விற்ற பாட்டில்களில் பெரும்பகுதி திரும்பி வந்தது. அதன் பிறகு பெரம்பலூர், கோவை என்று படிப்படியாக விரிந்து, எங்கள் தருமபுரிக்கும் வந்தது.

எங்களுக்கும் யானைகள் உண்டு. பென்னாகரம், ஒகேனக்கல் பக்கத்துக் காடுகள் அவை காலங்காலமாக நடக்கிற பாதை. 2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் சுமார் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. அந்தக் காட்டில்தான் ஆடு மாடு மேய்க்கிற பெண்களும் நடக்கிறார்கள்.

பத்து ரூபாய் செய்கிற வேலை

திட்டம் எளிமையானது. பாட்டில் விலையோடு பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காலிப் பாட்டிலை ஸ்டிக்கரோடு, உடையாமல் கொண்டுபோய்க் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும்.

"பத்து ரூபாய்க்கு எவன் திரும்ப வருவான்?" என்று கேட்கலாம். குடித்தவர் வராவிட்டாலும், பாட்டிலைப் பொறுக்கி எடுக்க இன்னொருவர் வருவார். சூட்சுமமே அதுதான். முன்பு பழைய சாமான்காரர்கூட இந்தப் பாட்டிலை எடுக்க யோசிப்பார். கனம் அதிகம், கிடைக்கிற காசு குறைவு. இப்போது ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு மதிப்பு வந்துவிட்டதால், அது தரையில் கிடப்பதில்லை.

உலகத்தில் இது புதிதும் அல்ல. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பானப் பாட்டில்களுக்கும் டின்களுக்கும் முன்பணம் வாங்குகிறார்கள். இப்போது ஒன்றுக்கு 25 சென்ட். கடையில் இருக்கிற இயந்திரத்தில் காலிப் பாட்டிலைப் போட்டால் சீட்டு வரும். அதைக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்ளலாம்.

போவது சுலபம், வருவது கஷ்டம்

சரக்கு கடைக்குப் போகும்போது பெட்டி பெட்டியாக, கணக்கோடு, ஒரே லாரியில் போகிறது. திரும்பும்போது? ஒன்று வயலிலிருந்து, ஒன்று பேருந்து நிலையத்திலிருந்து, ஒன்று ஓடையிலிருந்து வரும். ஒவ்வொன்றையும் பார்த்து வாங்கி, காசைக் கொடுத்து, கணக்கெழுதி, அடுக்கி, எடுக்க ஆள் வரும்வரை பத்திரப்படுத்த வேண்டும். இடம் வேண்டும், ஆள் வேண்டும். இவை இல்லாமல் வேலைச் சுமை கூடுகிறது என்று டாஸ்மாக் ஊழியர் சங்கங்கள் 2025-ல் போராடியது இதனால்தான். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. திரும்பி வருகிற பாதைக்கும் தனியாகச் செலவு செய்தால்தான் அது ஓடும்.

வந்து சேர்ந்த பாட்டில் என்னவாகும்? நன்றாக இருப்பதைக் கழுவி மறுபடி நிரப்பலாம். இல்லாவிட்டால் உடைத்து உருக்கலாம். கண்ணாடியை எத்தனை தடவை உருக்கினாலும் தரம் குறையாது. புது மணலோடு பழைய சில்லையும் சேர்த்தால் உலை சீக்கிரம் உருக்கும், எரிபொருளும் மிச்சம்.

பிள்ளைகளை அனுப்பாதீர்கள்

இதில் எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. பத்து ரூபாய் என்றால் சின்னப் பையன்களுக்கு ஆசை வரும். நாலு பாட்டில் பொறுக்கினால் நாற்பது ரூபாய். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்று சட்டம் இருக்க, காலிப் பாட்டிலோடு பத்து வயதுப் பிள்ளை அந்தக் கடை வாசலில் நிற்கலாமா? கடைக்குப் போகிற பழக்கம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி கிழிக்கிற ஆபத்து வேறு. பாட்டில் கண்ணில் பட்டால் பெரியவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள். கொண்டுபோய்க் கொடுப்பது பெரியவர்கள் வேலை.

"குடியை நிறுத்தாம பாட்டிலை வாங்கி என்ன பிரயோஜனம்?" என்று எங்கள் மகளிர் குழுவில் ஒருத்தி கேட்டாள். சரியான கேள்விதான். பாட்டில் திரும்பி வரும். குடித்த கூலியும் கெட்ட ஈரலும் திரும்பி வராது. இந்தத் திட்டம் குடிக்கு மருந்தல்ல, காலுக்குப் பாதுகாப்பு. அந்த அளவுக்கு அதை வரவேற்கலாம்.

சில் குத்திவிட்டால்

• காப்பித் தூள், மண், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள்.

• சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் காயத்தைக் கழுவுங்கள். சில் எதுவும் உள்ளே இல்லையென்றால், துவைத்த துணியால் அழுத்திப் பிடித்துக் காலைத் தூக்கி வையுங்கள்.

• ஆழமாகப் புதைந்த சில்லைப் பிடுங்க வேண்டாம். அதன்மேல் அழுத்தாமல், சுற்றித் துணி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரண ஜன்னி வராமலிருக்க ஊசி வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நம் வீட்டிலும் உண்டு

திரும்பிப் போக வேண்டிய பொருள்கள் நம் வீட்டுக்குள்ளும் கிடக்கின்றன. இன்வெர்ட்டர் பேட்டரி செத்துவிட்டால் விற்பனையாளர் பழையதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2001-லேயே மத்திய அரசு விதி செய்தது. உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். தெருவில் உடைக்க விட்டால் பிள்ளைகளுக்குக் கெடுதல். காலாவதியான மருந்துகளைத் திரும்பப் பெறுகிற ஏற்பாட்டைக் கேரளத்தில் 2025-ல் கோழிக்கோட்டில் தொடங்கினார்கள். நம் ஊரிலும் வந்தால் நல்லது.

உங்கள் வீட்டுப் பரணையில், கொல்லைப்புறத்தில் இப்படி என்னென்ன இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கணக்கெடுங்கள். புதுப் பொருள் வாங்கும்போதே, "பழசைத் திரும்ப எடுத்துப்பீங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆளுக்கு அவரே சொல்லுவார்.