காந்தம் விழுங்குதல்

காந்தம் விழுங்குதல் என்பது, குழந்தைகள் சிறிய, வலிமை மிக்க காந்தங்களை வாயிலிட்டு விழுங்கிவிடும் விபத்தைக் குறிக்கும். நாணயம், பொத்தான் போன்றவை இரைப்பைக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் மலத்துடன் தாமாகவே வெளியேறிவிடும். அதனால் குழந்தைக்கு வாழைப்பழம் கொடுத்துவிட்டு ஓரிரு நாள் காத்திருக்கும் வழக்கம் வீடுகளில் உள்ளது. காந்தத்தைப் பொறுத்தவரை இந்தக் காத்திருப்புதான் ஆபத்து.

காந்தத்தின் தன்மை

இவ்விபத்துகளில் பெரும் கேடு விளைவிப்பவை நியோடிமியம் காந்தங்கள். நியோடிமியம், இரும்பு, போரான் ஆகியவை சேர்ந்த இக்காந்தத்தை 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவன ஆய்வாளர்களும் தனித்தனியே உருவாக்கினர். பழைய ஒலிபெருக்கிகளில் காணப்படும் கருநிற ஃபெரைட் காந்தத்தைவிட இது ஏறத்தாழ 10 மடங்கு ஆற்றல் கொண்டது. எனவே மிகச் சிறிய அளவிலும் வலுவாக ஈர்க்கும். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பளபளப்பான உருண்டைகளாக, மேசைப் பொழுதுபோக்குப் பொருளாக இவை விற்கப்படுகின்றன. பார்வைக்கு இவை மிட்டாய்க்கடையின் வெள்ளிநிறச் சர்க்கரை உருண்டைகளைப் போலவே இருக்கும். ஒரு தொகுப்பில் 216 உருண்டைகள் இருப்பதுண்டு. அதில் இரண்டு குறைந்தால் எவரும் கவனிக்கமாட்டார்கள்.

விழுங்குவோர் தவழும் குழந்தைகள் மட்டுமல்லர். மூக்குத்தி போலவோ நாக்கில் குத்திய அணி போலவோ தோன்றுவதற்காக, இரு பக்கமும் காந்தத்தை ஒட்டவைத்து விளையாடும் பள்ளி மாணவர்களும் தவறுதலாக விழுங்கிவிடுகின்றனர்.

குடலில் நிகழ்வது

ஒரே ஒரு காந்தம் மட்டும் விழுங்கப்பட்டால் அது பெரும்பாலும் வெளியேறிவிடும். இரண்டு காந்தங்கள், அல்லது ஒரு காந்தமும் ஓர் இரும்புத் துண்டும் சேரும்போது நிலைமை மாறுகிறது. சிறுகுடல் வயிற்றுக்குள் பல மடிப்புகளாகச் சுருண்டு கிடக்கிறது. சிறிது நேர இடைவெளியில் விழுங்கப்பட்ட இரு காந்தங்கள் அடுத்தடுத்த இரு மடிப்புகளில் இருக்கக்கூடும். அவை ஒன்றையொன்று ஈர்க்கும்போது, இடையிலுள்ள குடற்சுவர்கள் இடுக்கியில் அகப்பட்டதுபோல் நசுங்குகின்றன. நசுங்கிய இடத்திற்கு இரத்தம் செல்வதில்லை. அங்குள்ள திசு அழிந்து துளை விழுகிறது. அதன் வழியே குடலிலுள்ள கழிவும் கிருமிகளும் வயிற்றறைக்குள் கசிந்து கடும் தொற்றை உண்டாக்குகின்றன. சில நேரம் இரு குடற்பகுதிகளுக்கு இடையே புதிய வழி ஏற்பட்டுவிடும். குடல் முறுக்கிக்கொண்டு அடைபடுவதும் உண்டு.

இத்தனையும் உள்ளே நிகழும்போது வெளியே தெரியும் அறிகுறிகள் மிகச் சாதாரணமானவை: வாந்தி, வயிற்றுவலி, காய்ச்சல், சாப்பிட மறுத்தல். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே யாரும் எண்ணுவர். தொடக்கத்தில் அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். குழந்தை நன்றாக விளையாடுகிறது என்பது குடல் நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

கண்டறிதலும் சிகிச்சையும்

விழுங்கியதாகச் சந்தேகம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் மருத்துவர் சொல்லும்வரை உணவோ நீரோ கொடுக்காமல் இருப்பது நல்லது; வாழைப்பழமும் இதில் அடங்கும். மீதமுள்ள காந்தங்களைக் குழந்தைக்கு எட்டாதவாறு பையில் போட்டு எடுத்துச் சென்றால், அளவையும் எண்ணிக்கையையும் மருத்துவர் கணிக்க உதவும்.

எக்ஸ்ரே படம் நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கப்படுகிறது. ஒட்டிக்கொண்ட இரு காந்தங்கள் ஒரு கோணத்தில் ஒன்றுபோலத் தெரியும் என்பதே இதற்குக் காரணம். ஒட்டியிருக்க வேண்டிய இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிந்தால், அங்கே குடற்சுவர் சிக்கியுள்ளது என ஐயுற வேண்டும். எம்.ஆர்.ஐ. பரிசோதனை கூடவே கூடாது. அக்கருவியின் காந்தப்புலம் உள்ளிருக்கும் காந்தத்தை இழுத்துக் குடலைக் கிழித்துவிடக்கூடும்.

காந்தங்கள் உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ இருக்கும்போதே வந்துவிட்டால், அகநோக்கிக் குழாயை வாய் வழியே செலுத்தி எடுத்துவிடலாம். சிறுகுடலுக்குள் இறங்கிவிட்டால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து, அவை நகர்கின்றனவா எனக் கவனிக்கின்றனர். நகராமல் நின்றாலோ வலி தோன்றினாலோ அறுவை சிகிச்சைதான் வழி. சில குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதியையே வெட்டி நீக்க நேரிடுகிறது. முதல் சில மணி நேரத்தின் மதிப்பு இதனால் விளங்கும்.

கட்டுப்பாடுகள்

2005இல் அமெரிக்காவில், கட்டுமான விளையாட்டுப் பொருளிலிருந்து உதிர்ந்த காந்தங்களை விழுங்கிய 20 மாதக் குழந்தை இறந்தது. அடுத்த ஆண்டு அப்பொருளின் ஏறத்தாழ 38 இலட்சம் தொகுப்புகள் திரும்பப் பெறப்பட்டன. 2009 முதல் அங்கு காந்த உருண்டைத் தொகுப்புகள் பெரியவர்களுக்கானவை என்ற பெயரில் பெருமளவு விற்பனைக்கு வந்தன. நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2014இல் இவற்றுக்குக் கடும் விதி வகுத்தது. ஆனால் 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. அதன்பின் விபத்துகள் மீண்டும் கூடின. 2017 முதல் 2021 வரை ஆண்டுக்குச் சராசரியாக 2,400 பேர் காந்தம் விழுங்கி அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்ததாக ஆணையம் மதிப்பிட்டது. 2022இல் புதிய விதி வந்தது. அதன்படி, விழுங்கக்கூடிய அளவில் தனியே கழன்றுவரும் காந்தத்தின் காந்தப்பாயக் குறியீடு 50க்குக் குறைவாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியா 2012இலேயே இத்தகைய தொகுப்புகளை நிரந்தரமாகத் தடை செய்துவிட்டது.

இந்தியாவில் 2021 ஜனவரி முதல் விளையாட்டுப் பொருட்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்கான தரநிலையில் காந்தங்கள் பற்றிய விதிகளும் உண்டு. எனினும் அவ்வாணை 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொருட்களுக்கே உரியது. பெரியவர்களின் மன அழுத்தம் போக்கும் பொருள் என்று பெயரிட்டு வரும் காந்த உருண்டைகளைப் பொறுத்தவரை, வீட்டில் குழந்தை இருந்தால் அவற்றை வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு.