ஆண்டு முடிவில் விடுபடும் பதிவுகள்

மருதமுனை கைத்தறிச் சாரன்களுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே இடம்பெயர்ந்த குடும்பமொன்று ஒரு தறி வைத்து நடத்துவதாகக் கொள்வோம். டிசெம்பர் 31இல் கொப்பியின்படி விற்பனை ரூபா 180,000, கொடுத்த செலவு 120,000, இலாபம் 60,000. இது சரியா?

மூன்று விடயங்கள் விடுபட்டுள்ளன.

1. நெசவாளருக்கு இன்னும் கொடுக்காத டிசெம்பர்க் கூலி 8,000. இது சென்மதிச் செலவு.
2. தறியின் விலை 50,000. பத்து வருடம் உழைக்குமென்றால் வருடத் தேய்மானம் 5,000.
3. செலவில் சேர்ந்துவிட்ட, அடுத்த இரண்டு மாத வாடகை 6,000. இது முற்கொடுப்பனவு; ஆகவே சொத்து.

முதலிரண்டையும் கழித்து மூன்றாவதைக் கூட்டினால் உண்மை இலாபம் 53,000.

ஐந்தொகையும் பிழைக்கும். கூலிக் கடன் மறையும். தறி புது விலையிலேயே நிற்கும். வாடகைச் சொத்து காணாமற் போகும். பரீட்சை மீதி சமப்படுவதால் பிழை தெரியாது. 60,000ஐயும் வீட்டுக்கு எடுத்தால் ஜனவரியில் கூலியை முதலிலிருந்தே கொடுக்க நேரும்.

வயல் செய்வோருக்கும் இதே விதிதான். டிசெம்பரில் நிற்கும் பெரும்போகப் பயிரின் விதை, பசளைச் செலவு அறுவடை வருடத்துக்கே உரியது.

ஆகவே கணக்கை முடிக்குமுன் கேளுங்கள்: கொடுக்க வேண்டியது என்ன? முன்கூட்டிக் கொடுத்தது என்ன? தேய்ந்தது என்ன?